பாசி வளர்ந்த பக்கம்

வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "போய் நிண்டு பாத்தனீங்களோ?"

பார்த்தோம், சுவர் வெள்ளை, இரண்டு அறை, குசினி பெரிது என்று பதில் வரும். "அது பாத்தது. நிண்டு பாத்தனீங்களோ?" என்பார். இல்லையென்றால் தானே கூட வருவார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் வீடு எடுக்க இருந்தபோது நானும் போயிருந்தேன். வெறும் அறையின் நடுவில் அக்கா மேல்கோட்டைக் கழற்றாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டைக் காட்ட வந்த ஜெர்மன்காரர் கைக்கடிகாரத்தை ஆறு தடவை பார்த்தார். முப்பத்தாறாவது நிமிடத்தில் பின்பக்கமாக ஒரு சரக்கு ரயில் போனது. யன்னல் கண்ணாடிகள் எல்லாம் நடுங்கின. "ஓம், இப்ப சரி. இனி நீங்கள் யோசியுங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே நடந்தார். எடு என்றோ விடு என்றோ சொல்லவில்லை. அந்தக் குடும்பம் அந்த வீட்டைத்தான் எடுத்தது. ரயில் போவது தெரிந்தே எடுத்தார்கள் என்பதால் பிறகு ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பட்டினத்தில் பதினாலு தமிழ்க் குடும்பங்கள், வளர்ந்தவர்கள் முப்பத்தொரு பேர். முப்பது பேருக்கும் அவர் அக்கா. முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை.

இது நல்ல குணமா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவருடைய மகள் தலையலங்காரம் பழக ஒரு கடையில் இடம் எடுத்திருந்தாள். அக்கா அந்தக் கடைக்கு எதிரே வீதியில் இரண்டு நாள் நின்றார். இரண்டாம் நாள் பொலிஸ் வந்துவிட்டது. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவருக்காகவும் இல்லை என்றார். அப்படியானால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். "நிக்கிறன்" என்றார். கடவுச்சீட்டை வாங்கி இருபது நிமிடம் வைத்திருந்தார்கள்.

"அம்மா, உங்களால எனக்கு அந்தக் கடைப்பக்கம் முகம் காட்டேலாது" என்று மகள் அழுதாள்.

"அங்கை வேலைசெய்யிற பிள்ளையள் மூண்டும் நிண்டபடிதான் சாப்பிடுதுகள். இருக்க ஒரு கதிரை இல்லை. உனக்கு அது தெரியுமே?"

மகள் வேறு கடைக்குப் போனாள். ஆனால் தாயோடு ஒரு மாதம் பேசவில்லை.

இனிப் பாலத்துக்கு வருகிறேன். எங்கள் பட்டினம் கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். ஆற்றின் இந்தக் கரையில் அடுக்குமாடிகள், பெரிய கடை, நாங்கள். அந்தக் கரையில் பழைய நகரம்: தேவாலயம், வைத்தியர், நகரசபை, நூற்றாண்டுகள் கடந்த மரச்சட்ட வீடுகள். ஒரு ஆணியை மாற்றுவதென்றாலும் அந்த வீடுகளுக்கு அனுமதி எடுக்கவேண்டும். இரண்டு கரைக்கும் இடையில் நாலு வளைவுகள் கொண்ட ஒரு கல்பாலம். ஒரு லொறி போனால் எதிரே வருவது காத்து நிற்க வேண்டும். பழைய நகரத்துக்குள் நுழையும் இடத்தில் இடதுபக்கம் ஒரு வீடு, அதன் மேல்மாடி வீதிக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆட்கள் நடக்கும் பாதை வலதுபக்கம்.

யூரோ நாணயம் வந்து மூன்றாவது வருடம், மார்ச் மாதம், அந்தப் பாதையில் நானும் என் மனைவியும் வைத்தியரிடம் போய்க்கொண்டிருந்தோம். நான் முன்னால். பாலத்தைக் காலடியால் எண்ணுவது என் பழக்கம். தொண்ணூற்றேழு என்று சொன்னபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஒரு லொறியின் பக்கக் கண்ணாடி அவவின் இடது தோளில் அடித்திருந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. லொறிக்காரர் நிறுத்தி ஓடிவந்தார். அவரை நான் திட்டவில்லை. திரும்பிப் பார்க்காமல் தொண்ணூற்றேழு அடி நடந்த என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

தோள் நாலு மாதத்தில் பொருந்தியது. ஆனால் அவ அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. தேவாலயத்துக்குப் போகவில்லை. பாட்டுக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவ, அதையும் விட்டா. வைத்தியரிடம் போவதென்றால் நாங்கள் பஸ்ஸில் பெருந்தெருப் பாலத்தால் சுற்றிப் போனோம், பதினொரு தரிப்பு. மற்ற நாட்களில் அவ வீட்டுக்குள்ளேயே இருந்தா. முன்பு வாய் ஓயாத மனுசி. இப்போது குசினிக் கதிரையில் ஒரு கோப்பைத் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு இருந்தா.

நான் யன்னலில் உட்கார்ந்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி, பாலம் நேர் கீழே. ஊரில் நான் குடிசனக் கணக்கெடுப்புப் பிரிவில் எழுதுவினைஞனாக இருந்தவன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு சண்டை தெரியாது. மூன்று கிழமை, காலை ஏழிலிருந்து பத்துவரை, எத்தனை லொறி, எத்தனை பஸ், எத்தனை சைக்கிள் என்று கோடு போட்டேன். மிகக் குறைந்த நாள் ஐம்பத்தொரு லொறி. மிகக் கூடிய நாள் எழுபத்தெட்டு.

அந்த வருடம்தான் நகரசபை ஒரு திட்டத்தை வெளியிட்டது. பழைய பாலத்தை இடித்து அகலமான புதுப் பாலம் கட்டுவது. அதற்காக மாடி தள்ளி நிற்கும் அந்த வீட்டையும் அடுத்த இரண்டு வீடுகளையும் அகற்றுவது. பட்டினம் இரண்டாகப் பிரிந்தது. புதுப் பாலம் வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் ஒரு கையெழுத்துப் பட்டியலைத் தொடங்கினார். என் கோடுகளை அவரிடம்தான் கொடுத்தேன். பழைய பாலமும் வீடுகளும் இருக்கவேண்டும் என்று, தள்ளி நிற்கும் வீட்டில் வசித்த ஒரு முதிய ஜெர்மன் அம்மா மற்றப் பட்டியலைத் தொடங்கினார். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பிளம்ஸ் கேக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்.

எங்கள் ஆட்கள் இரண்டு பட்டியலிலும் கையெழுத்து வைத்தார்கள்.

இருபத்தொன்பது பேர். மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து கேட்டபோது அவருக்கு வைத்தார்கள், அந்த அம்மா வந்து கேட்டபோது அவருக்கும் வைத்தார்கள். வீடு தேடி வந்த மனிதரை முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? அதைவிட, அகதி முகாமிலிருந்த காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு பயம் உண்டு. பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதில் பெயர் விடுபடக்கூடாது. அது எதற்கான பட்டியல் என்பது அடுத்த விஷயம்.

இருபத்தொன்பது பேரில் என் மனைவியும் ஒருத்தி.

"உமக்கு விசரே? உம்மட தோள் முறிஞ்ச பாலத்தை வைச்சிருக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சனீரோ?"

"அவ கேக்கோட வந்து நிக்கிறா. நான் என்ன கதவைச் சாத்துறதே? இடிக்கச் சொல்லியும் வைச்சனான்தானே."

இரண்டு பக்கமும் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. சிரித்தார்கள். பிறகு தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றையும் இரண்டிலிருந்தும் வெட்டிவிட்டார்கள். என் பெயரையும்! நான் ஒன்றில்தான் வைத்தேன் என்று இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

முப்பத்தொரு பேரில் இரண்டிலும் வைக்காத ஒரே ஆள் அக்கா. மருந்துக்கடைக்காரரிடமும் அந்த அம்மாவிடமும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்: "நான் இன்னும் நிண்டு பாக்கேல்லை."

"நீங்கள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு அந்தப் பாலத்தாலதானே போறியள்?" என்று பஸ் தரிப்பில் வைத்துக் கேட்டேன்.

"அது போறது, அண்ணை."

எனக்குக் கோபம் வந்தது. "எழுபத்தெட்டு லொறி போகுது. நான் எண்ணியிருக்கிறன். இதில நிண்டு பாக்க என்ன கிடக்கு? ஆக்கள் சொன்னால் நம்பமாட்டியளோ?"

அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊரில சண்டை நேரம் ஒருநாள் றோட்டு திறந்தாச்சு எண்டு சொல்லிச்சினம். சொன்னது நல்ல ஆக்கள்தான். பொய் சொல்லுற ஆக்கள் இல்லை. நாங்கள் ஆறு பேர் வெளிக்கிட்டனாங்கள்."

பஸ் வந்தது. எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் கேட்காமல் விட்ட எண்ணிக்கை அது ஒன்றுதான்.

அடுத்த திங்களிலிருந்து அக்கா வேலை முடிந்து வரும்போது பாலத்தில் நின்றார். யன்னலில் இருந்து அவருடைய நீலக் கோட்டு தெரியும். சில நாள் இந்தக் கரையில், சில நாள் அந்தக் கரையில், ஒருநாள் நடுவில் கைப்பிடிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு. ஒருதடவை குந்தியிருந்து கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்பது நாள். மழையிலும் நின்றார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "இன்னும் முடியேல்லை" என்றார்.

நகரசபையில் பொதுக்கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை. தினமும் பாலத்தைக் கடக்கிற, இரட்டைக் கையெழுத்து வைக்காத ஒரு தமிழர் பேசினால் எங்கள் மானம் கொஞ்சமாவது திரும்பும் என்று நினைத்து நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சபையில் பேசும் அளவுக்கு அவருக்கு ஜெர்மன் வராது. நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. அவர் எங்கள் பக்கம்தான் பேசுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அக்கா எழுந்து தமிழில் சொன்னார்:

"அந்த வீடு தள்ளிக்கொண்டு நிக்கிற பக்கம், கல்லுக்கு இடையில பாசி கிடக்கு. பாலத்தின்ர இந்த முனையில இருந்து அந்த முனை மட்டும் கிடக்கு. ஒரு சக்கரமும் அங்கை ஏறுறதில்லை. மேல்வீடு முட்டிப்போடும் எண்ட பயத்தில லொறிக்காரர் எல்லாரும் மற்றப் பக்கம் ஒதுங்கினம், ஆக்கள் நடக்கிற பக்கம். ஆக்களைப் பாசிப் பக்கம் விடுங்கோ. வீட்டை உடைக்காதேங்கோ. அந்த வீடுதான் லொறியைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

ஏழு வாக்கியம். சபையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குசினிக் கதிரையில் இருக்கும் என் மனைவி நினைவில் வந்தா. வீடு இடிபடாவிட்டால் பாலம் அகலாது.

நான் ஜெர்மனில் இரண்டு வாக்கியம் சொன்னேன். "லொறிகள் எல்லாம் நடைபாதைப் பக்கம் ஒதுங்குகின்றன என்கிறார். அங்கே நடக்கிறவர்களுக்கு ஆபத்து என்கிறார்."

மருந்துக்கடைக்காரரின் ஆட்கள் கைதட்டினார்கள். கேக் கொண்டுவந்த அம்மா தலையைக் குனிந்தார். பத்தொன்பது வருடம் இந்த நாட்டில் துணி துவைத்த ஒருவருக்குப் பேச வராமல் இருக்கலாம், விளங்காமல் இராது. அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இன்னொரு கூட்டத்துக்குப் பிறகுதான் முடிவு என்று அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்றாம் தரிப்பில் அவர் கேட்டார்.

"அண்ணை, பாசிக்கு ஜெர்மனில சொல் இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப?"

"வீட்டை உடைச்சால்தான் பாலம் அகலும். பாலம் அகண்டால்தான் இவ வெளிக்கிடுவா. என்ர நிலைமை உங்களுக்கு விளங்காது."

"அண்ணி அப்பிடிச் சொன்னவவோ?"

"அவ சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்கள் கேக்கேல்லை" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நேரே குசினிக்குள் போனார்.

"அண்ணி, கோட்டைப் போடுங்கோ."

"எனக்கு ஏலாது அக்கா. அந்த லொறிச் சத்தம் கேட்டாலே கை விறைக்குது."

"கடக்கிறேல்லை. கரையில நிப்பம். குளிருது எண்டால் திரும்பி வருவம்."

"அவவை ஏன் கரைச்சல் படுத்துறியள்?" என்று நான் குறுக்கே போனேன்.

"நீங்கள் யன்னலில இருந்து எண்ணுங்கோ, அண்ணை. உங்களை ஆர் கூப்பிட்டது?"

நான் யன்னலில் இருந்தேன். நீலக் கோட்டும் மண்ணிறக் கோட்டும் பாலத்தின் தொடக்கத்தில் நின்றன. பன்னிரண்டு நிமிடம். இரண்டாம் சனிக்கிழமை இருபத்தைந்து நிமிடம். மூன்றாவது முறை மண்ணிறக் கோட்டு கையை நீட்டி எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தது. நாலாம் சனிக்கிழமை இரண்டு கோட்டும் நின்ற இடத்தில் இல்லை. வலதுபக்கப் பாதையைத் தேடினேன், இல்லை. பிறகுதான் கண்டேன். இடதுபக்கம், கைப்பிடிச்சுவரோடு, பாலத்தின் முக்கால் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு லொறி வந்து அவர்களை மறைத்தது. லொறி போனபின் இரண்டு கோட்டும் அப்படியே தெரிந்தன.

நாற்பது நிமிடம் கழித்து என் மனைவி கையில் பழைய நகரத்துப் பேக்கரியின் கடதாசிப் பையோடு வந்தா. "பாண் வாங்கினனான்" என்றா. அன்று மத்தியானம் நான் நகரசபைக்கு ஏழு வாக்கியங்களையும் ஜெர்மனில் எழுதி அனுப்பினேன். கூட்டத்தில் மொழிபெயர்த்தது குறைபாடானது என்றும் எழுதினேன். குறைபாடு யாருடையது என்று எழுதவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். முழந்தாளில் இருந்து பாசியைப் பார்த்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த வருடம் நடைபாதை இடதுபக்கம் மாறியது, வெள்ளைக் கட்டைகள் நட்டார்கள். பெரிய லொறிகளைப் பெருந்தெருப் பாலத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வளைவுகளைப் பலப்படுத்தினார்கள். மூன்று வீடுகளும் நின்றன. இது ஒட்டுப்போட்ட வேலை, என்றோ ஒருநாள் புதுப் பாலம் கட்டத்தான் வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வது பிழை என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நகரசபையின் அறிக்கையில், ஒரு குடியிருப்பாளரின் கூர்மையான அவதானிப்பு என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். வீதிப் பொறியியலாளர் வீட்டுக்கு வந்து கைகுலுக்கினார். உங்களுக்கு நல்ல கண் என்றார். நன்றி என்றேன். அந்த ஒரு சொல் நாலு வருடமாக என்னை உறுத்துகிறது. அக்கா அந்த அறிக்கைக்கு முந்திய மாரிகாலத்திலேயே மகளோடு கொலோனுக்குப் போய்விட்டார்.

இதை எழுதத் தொடங்கியபோது அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உங்கட பேரைப் போட்டு எழுதப்போறன். அது நீங்கள் கண்டது, என்ர பேரில கிடக்கு."

"கிடக்கட்டும் அண்ணை. என்ர பேரைப் போடாதேங்கோ."

"ஏன்?"

"போட்டால் ஆக்கள், அவ சொன்னால் சரி எண்டு நம்பிப்போட்டு இருந்திடுவினம். ஒருத்தரும் போய் நிண்டு பாக்காயினம்." சிரித்தார். "உங்களைப்போல."

"நானோ?"

"அண்ணி சொன்னவ. தான் கிழமைக்கு மூண்டு தரம் பாலத்தால சேர்ச்சுக்கு நடந்து போறாவாம். நீங்கள் இண்டைக்கும் பஸ்ஸிலதானாம்."

அது உண்மை. முழங்கால் நோ என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து நான் அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. பாசியைப் பற்றி நகரசபைக்குச் சாட்சி எழுதியவன் பாசியைக் கண்டதில்லை. லொறிகளின் கூரையைத்தான் கண்டிருக்கிறேன். மூன்றாம் மாடியிலிருந்து சக்கரம் தெரியாது.

அடுத்த நாள் காலை நான் இறங்கிப் போனேன். பழைய வலதுபக்கப் பாதை இன்னும் இருக்கிறது, குறுக்கே ஒரு சங்கிலி போட்டிருக்கிறார்கள். அதன் ஓரக்கல் நெடுக டயர் உரசிய கறுப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. சங்கிலியைத் தாண்டிக் காலை வைத்தேன். ஒரு தோள் கைப்பிடிச்சுவரில் முட்டியது. மற்றத் தோளுக்குக் கீழே பாதை முடிந்திருந்தது. இரண்டு பேர் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நடந்திருக்க முடியாது. யாராவது ஒருவர் முன்னால் போயிருக்கத்தான் வேண்டும்.

குளிராக இருந்தது. இருந்தாலும் நின்றேன்.